சருகு நிறுத்திய படகு!

ஆற்றில் ஒரு படகு பாய்ந்து வருகிறது. இரு கரையிலும் பெரிய பெரிய மரங்கள். இலைகள் மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாறி, காற்றில் உதிர்ந்துகொண்டிருக்கின்றன.

படகில் அப்பா, அம்மா, 2 பிள்ளைகள்.

"அப்பா, இன்னும் வேகமா!" என்று கத்துகிறான் பையன்.

அப்பா சிரித்தபடி கைப்பிடியை முறுக்குகிறார். படகு பறக்கிறது.

திடீரென்று என்ஜின் சத்தம் மாறுகிறது. "ஊய்ய்" என்று அலறுகிறது. ஆனால் என்ன வேடிக்கை! சத்தம் கூடுகிறது, வேகம் குறைகிறது. மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்த படகு, தண்ணீரில் பொத்தென்று உட்கார்ந்துவிடுகிறது.

அப்பா இன்னும் முறுக்குகிறார். என்ஜின் இன்னும் அலறுகிறது. படகு கேட்கவில்லை. இடது பக்கம் திருப்பினால் திரும்பவில்லை. வலது பக்கம் திருப்பினாலும் திரும்பவில்லை. நீரோட்டம் அதைத் தள்ளிக்கொண்டு போகிறது.

கீழே, ஆற்றின் வளைவில், வேரோடு சாய்ந்த மரம் ஒன்று தண்ணீரில் கிடக்கிறது. படகு அதை நோக்கிப் போகிறது!

படகைப் பிடித்து நிறுத்தியது எது? பாறையா? இல்லை. மணல் திட்டா? இல்லை.

காய்ந்த இலை! வெறும் சருகு!

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் அமெரிக்காவின் மலை ஆறுகளில், இலையுதிர் காலத்தில் ஜெட் படகு ஓட்டுகிறவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. அந்த நேரத்தில் என்ன செய்யவேண்டும் என்று தெரிந்தவர்கள் சிரித்துக்கொண்டே வீடு திரும்புவார்கள். தெரியாதவர்கள் என்ஜினை இழப்பார்கள். சில சமயம் அதைவிடப் பெரியதையும் இழக்க நேரிடும்.

கரண்ட் ஆறு

அமெரிக்காவின் நடுப்பகுதியில் மிசௌரி என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அதன் தென்பகுதியில் உள்ள மலைகளுக்கு ஓசார்க் மலைகள் என்று பெயர். அந்த மலைகளின் நடுவே ஓடும் ஆறு, "கரண்ட் ஆறு".

கரண்ட் என்றதும் மின்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள்! இங்கே அந்தச் சொல்லுக்கு நீரோட்டம் என்று பொருள்.

இந்த ஆற்றுக்கு மழை மட்டும் தாய் அல்ல. ஊற்றுகளும் தாய். மலைக்கு அடியிலிருந்து தண்ணீர் பீறிட்டு வந்து ஆற்றில் சேருகிறது. வான் பியூரன் என்ற ஊருக்கு அருகில் "பெரிய ஊற்று" என்று ஓர் ஊற்று இருக்கிறது. அதிலிருந்து சராசரியாக ஒரு நாளைக்கு 28 கோடி காலன் தண்ணீர் வருகிறது. கண்ணாடி போல் தெளிந்த தண்ணீர். கை வைத்தால் சில்லென்று இருக்கும்.

1964ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. கரண்ட் ஆறும், அதன் துணை ஆறான ஜாக்ஸ் போர்க்கும் அந்தச் சட்டத்தின்படி பாதுகாக்கப்படுகின்றன.

இந்த ஆற்றில் ஒரு சங்கடம் உண்டு. ஓர் இடத்தில் ஆள் மூழ்கும் மடு இருக்கும். அதைத் தாண்டியதும் கூழாங்கல் மேடு வரும். அங்கே தண்ணீர் முழங்கால் அளவுகூட இருக்காது. சாதாரண மோட்டார் படகு அங்கே போனால், தண்ணீருக்குள் சுற்றும் விசிறி கல்லில் அடிபட்டு உடைந்துவிடும்.

அப்படியானால் அந்த ஊர்க்காரர்கள் எப்படிப் படகு ஓட்டுகிறார்கள்?

விசிறி இல்லாத மோட்டார்

இங்கேதான் ஜெட் மோட்டார் வருகிறது.

சாதாரண மோட்டார், படகின் பின்புறத்தில் தொங்கும். அதன் அடியில் விசிறி இருக்கும். அது சுற்றித் தண்ணீரைப் பின்னால் தள்ளும். படகு முன்னால் போகும்.

ஜெட் மோட்டாரும் பின்புறத்தில்தான் தொங்குகிறது. ஆனால் வெளியே விசிறி கிடையாது. விசிறி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பம்பு இருக்கிறது. கிணற்றுப் பம்பு செட்டில் இருப்பதுபோல் உள்ளே ஓர் இம்பெல்லர் சுற்றுகிறது. அடிப்பக்க வாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சுகிறது. பின்பக்கத் துளை வழியாக அந்தத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுகிறது. அந்தப் பீய்ச்சலின் பலத்தில்தான் படகு பாய்கிறது.

அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பு இல்லாததால், வேகமாகப் போகும்போது சில அங்குலத் தண்ணீர் இருந்தாலே போதும். கூழாங்கல் மேட்டின்மேல் படகு வழுக்கிக்கொண்டு போய்விடும்.

இதற்கு ஒரு விலையும் கொடுக்கவேண்டும். விசிறி மோட்டாரோடு ஒப்பிட்டால், என்ஜினின் சக்தியில் 100க்கு 30 பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். 60 குதிரைசக்தி என்ஜினில் ஜெட் பம்பு மாட்டினால், கிடைப்பது 40 குதிரைசக்திதான்.

நியூசிலாந்து விவசாயி

ஜெட் படகை இன்றுள்ள வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் நியூசிலாந்துக்காரர். பெயர் பில் ஹாமில்டன். 1899ல் பிறந்தவர். ஆடு வளர்க்கும் பண்ணை வைத்திருந்தார். எந்திரங்களில் அவருக்குக் கொள்ளை ஆசை.

அவருடைய ஊர்ப்பக்கத்து ஆறுகளும் ஆழமில்லாதவை, கல் நிறைந்தவை. அந்த ஆறுகளில் எதிர்த்து ஏறிப்போக ஒரு படகு வேண்டும் என்று நினைத்தார். 1954ல் முதல் ஜெட் படகைச் செய்தார்.

முதலில் தண்ணீரைப் படகுக்கு அடியில், ஆற்றுக்குள்ளேயே பீய்ச்சினார். வேகம் வரவில்லை. பிறகு பீய்ச்சும் துளையை நீர்மட்டத்துக்கு மேலே கொண்டுவந்தார். படகு பாய்ந்தது!

1960ல் அவருடைய ஜெட் படகுகள், அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில், கிராண்ட் கேன்யன் என்ற மாபெரும் பள்ளத்தாக்கு வழியாக நீரை எதிர்த்து ஏறின. உலகமே வியந்தது.

எவரெஸ்ட் சிகரத்தில் முதலில் கால் வைத்த இருவரில் ஒருவரான எட்மண்ட் ஹில்லரியும் நியூசிலாந்துக்காரர்தான். அவர் 1977ல் 3 ஜெட் படகுகளுடன் நம் நாட்டுக்கு வந்தார். கங்கை கடலில் கலக்கும் இடத்திலிருந்து இமயத்தை நோக்கிக் கிளம்பினார். நந்தப்பிரயாகைக்கு அருகே ஓர் அருவி வழிமறித்தது. அதுவரை படகிலேயே போனார்!

ஹாமில்டன் செய்தது படகுக்குள்ளேயே பொருத்தும் பம்பு. அதே தத்துவம் பிறகு, படகின் பின்னால் தொங்கும் மோட்டாருக்கும் வந்தது.

கங்கையை எதிர்த்து ஏறிய இந்த எந்திரம், சருகிடம் தோற்றுப்போகிறது என்றால் வியப்பாக இல்லையா?

மூச்சுத் திணறல்

ஜெட் மோட்டாரின் பலம் எதுவோ, அதுவே அதன் பலவீனம். அது உறிஞ்சும். தண்ணீரை மட்டும் உறிஞ்சு, சருகை விட்டுவிடு என்று சொன்னால் அதற்குத் தெரியுமா?

கல்லும் குச்சியும் உள்ளே போகாமல் இருக்க, பம்பின் வாயில் கம்பித் தடுப்பு வைத்திருக்கிறார்கள். சன்னல் கம்பி போல வரிசையாகக் கம்பிகள். கல் வந்தால் கம்பியில் பட்டுத் தெறித்துவிடும். ஆனால் இலை தெறிக்காது. ஒட்டிக்கொள்ளும்!

கரண்ட் ஆற்றங்கரையில் சிக்கமோர் என்ற மரம் ஏராளம். அதன் இலை, வடிவத்தில் பருத்தி இலையை ஒத்திருக்கும். அளவிலோ பெரியது. ஒரு சாண் அகலம்கூட இருக்கும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் அந்த இலைகள் ஆற்றில் பாய் விரித்ததுபோல் மிதக்கும்.

நாலைந்து இலைகள் கம்பியில் படிந்தால், வாயைக் கையால் பொத்தியதுபோல் ஆகிவிடும். பம்புக்குத் தண்ணீர் போதாது. கிணற்றில் புட்வால்வு அடைத்துக்கொண்டால் நம் பம்பு செட் வெறுமனே சுற்றுமே, அதே கதைதான்.

தண்ணீர் இல்லாததால் இம்பெல்லருக்குப் பாரம் இல்லை. அதனால் என்ஜின் தறிகெட்டுச் சுற்றுகிறது. பின்னால் பீய்ச்சல் இல்லை. அதனால் படகு ஓடவில்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஜெட் படகுக்குத் தனியாகச் சுக்கான் கிடையாது. பீய்ச்சும் தண்ணீரின் திசையை மாற்றித்தான் படகைத் திருப்புகிறார்கள். பீய்ச்சல் நின்றால், படகைத் திருப்பவும் முடியாது.

மூன்றாவது ஆபத்து, சூடு. என்ஜினைக் குளிரவைக்கும் தண்ணீரும் இதே வாய் வழியாகத்தான் வரவேண்டும். வாய் அடைத்தால் என்ஜின் கொதிக்கும்.

ஆக, நாலு சருகு 3 வேலை செய்கிறது: ஓட்டத்தை நிறுத்துகிறது; திருப்பத்தைத் தடுக்கிறது; என்ஜினைச் சுடவைக்கிறது.

முறுக்காதே, நிறுத்து!

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியமான விஷயம்.

படகு மெதுவானால் மனிதனின் கை என்ன செய்யும்? இன்னும் முறுக்கும். அதுதான் தவறு! முறுக்க முறுக்க உறிஞ்சல் கூடும். உறிஞ்சல் கூடக்கூட இலை இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

"ரிவர்ஸ் போட்டால் இலை போய்விடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. விசிறி மோட்டாரில் ரிவர்ஸ் போட்டால் விசிறி எதிர்ப்பக்கம் சுற்றும். சிக்கிய பாசியும் பல சமயம் அவிழ்ந்துபோகும்.

ஜெட் மோட்டாரில் அது நடக்காது. ரிவர்ஸ் போட்டால், பின்பக்கத் துளைக்கு முன் ஒரு மூடி வந்து நிற்கும். பீய்ச்சும் தண்ணீர் அதில் மோதி முன்பக்கம் திரும்பும். அவ்வளவுதான். உள்ளே இம்பெல்லர் அதே பக்கம்தான் சுற்றும். வாய் அதே பக்கம்தான் உறிஞ்சும். நியூட்ரலில் வைத்தாலும் உறிஞ்சல் நிற்காது.

அப்படியானால் வழி? ஒரே வழி. என்ஜினை அடியோடு நிறுத்தவேண்டும்.

என்ஜின் நின்றதும் உறிஞ்சல் நிற்கும். இலையைப் பிடித்துவைத்திருந்த கை எடுபட்டதுபோல் ஆகும். ஓடுகிற தண்ணீரே இலையைக் கழுவிக்கொண்டு போய்விடும். சில விநாடி பொறுத்து மறுபடி என்ஜினைக் கிளப்பினால், பல சமயம் படகு ஒன்றும் நடக்காததுபோல் ஓடும்.

சத்தம் மாறிய முதல் நொடியிலேயே இதைச் செய்யவேண்டும். அப்போது கொஞ்சம் பீய்ச்சல் மிச்சம் இருக்கும். அதைக்கொண்டு ஓட்டம் குறைந்த இடத்துக்குப் படகைத் திருப்பிக்கொள்ளலாம். பிறகு நிறுத்தலாம். துடுப்போ நீண்ட கழியோ கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும்.

தப்பித்தவறிப் படகு, சாய்ந்த மரத்தில் பக்கவாட்டாக மோதிவிட்டால்? பயத்தில் எல்லாரும் மரத்தை விட்டு விலகிச் சாய்வார்கள். அப்படிச் சாய்ந்தால் ஓட்டத்துத் தண்ணீர் அந்தப் பக்கமாகப் படகுக்குள் ஏறிக் கவிழ்த்துவிடும். மரத்தின் பக்கம்தான் சாயவேண்டும்.

கை வைக்கும் முன்...

நிறுத்திக் கிளப்பியும் படகு ஓடவில்லையா? அப்போது கையால்தான் எடுக்கவேண்டும்.

படகைக் கூழாங்கல் திட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். என்ஜினை நிறுத்தி, சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஓட்டுபவர் உடம்பில் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்புக் கயிறு ஒன்று உண்டு. அதை இழுத்தால் என்ஜின் நின்றுவிடும். அதையும் கழற்றிவிட வேண்டும். பிறகுதான் மோட்டாரை மேலே சாய்த்து, கம்பித் தடுப்பில் கை வைக்கவேண்டும்.

"நான் எடுக்கிறேன், நீ என்ஜினைப் பார்த்துக்கொள்" என்று பையனிடம் சொல்லிவிட்டுக் கை வைப்பது, கையைப் பந்தயம் வைப்பதற்குச் சமம்!

கம்பிக்கு வெளியே இருக்கும் இலையை விரலால் உரித்துவிடலாம். கம்பியைத் தாண்டி உள்ளே போனதை எடுக்க, முனை வளைந்த கம்பி ஒன்று வைத்திருக்கவேண்டும். கயிறோ நீண்ட கொடியோ தண்டில் சுற்றியிருந்தால், வாய்ப்பகுதியைக் கழற்றித்தான் எடுக்கமுடியும். அதற்கு வேண்டிய ஸ்பானரும் படகில் இருக்கவேண்டும்.

மறுபடி கிளப்பியதும் ஒன்றைப் பார்க்கவேண்டும். மோட்டாரின் பக்கத்தில் சிறு துளையிலிருந்து நூல்போல் தண்ணீர் விழும். என்ஜின் குளிர்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அது விழவில்லை என்றால் உடனே நிறுத்தவேண்டும்.

ஆற்றைப் படிக்கலாம்

அனுபவசாலிகள் இலையை எடுப்பதைவிட, இலையைத் தவிர்ப்பதில் கெட்டிக்காரர்கள். அவர்கள் ஆற்றைப் புத்தகம்போல் படிக்கிறார்கள்.

ஆற்றில் நுரைக் கோடு ஒன்று ஓடும். வேகமான தண்ணீரும் மெதுவான தண்ணீரும் உரசும் இடம் அது. மிதக்கும் இலைகளில் பெரும்பகுதி அந்தக் கோட்டில்தான் வரும். அந்தக் கோட்டின்மேலேயே படகை ஓட்டக்கூடாது. கடக்கவேண்டுமென்றால் குறுக்காகச் சட்டென்று கடந்துவிட வேண்டும்.

சுழல்களிலும் கரை ஓரத்திலும் இலைகள் குவிந்து கிடக்கும். அங்கே மெதுவாக ஊர்ந்து போனால் வாய் நிறைய இலை கிடைக்கும்.

படகுத்துறையில் தண்ணீருக்கு அடியிலும் அழுகிய இலை மெத்தைபோல் கிடக்கும். அங்கேயே என்ஜினைக் கிளப்பினால், அடி இலையையும் கூழாங்கல்லையும் சேர்த்து உறிஞ்சும். கழியால் ஊன்றி ஆழமான இடத்துக்குப் போய், அங்கே கிளப்புவதே நல்லது.

பலத்த காற்று அடித்த மறுநாள், இலைகள் மிகுதியாக வரும் நாள். அன்று அவசரம் இல்லாதவர்கள் ஆற்றுக்குப் போகாமல் இருப்பதே மேல்.

இரவு மீன் வேட்டை

"இவ்வளவு தொல்லை இருக்கும்போது, இலையுதிர் காலத்தில் ஏன் படகு ஓட்டவேண்டும்?" என்று தோன்றுகிறதல்லவா?

அந்த ஊர்க்காரர்களுக்கு அதுதான் திருவிழாக் காலம்! செப்டம்பர் நடுவில் ஈட்டி மீன் வேட்டை தொடங்கிவிடும். இரவில் படகின் முன்பக்கம் விளக்குகளை எரியவிடுவார்கள். தெளிந்த தண்ணீரில் அடி மணல்கூடத் தெரியும். நீண்ட கழியின் முனையில் பல முள் உள்ள ஈட்டி. படகின் முகப்பில் நின்று, அடியில் போகும் மீனைக் குத்துவார்கள். கரையில் தீ மூட்டி, அங்கேயே வறுத்துச் சாப்பிடுவார்கள். குடும்பம் குடும்பமாகப் போவதும் உண்டு.

இரவில் விளக்கு வெளிச்சம் எட்டும் தூரம்தான் கண்ணுக்குத் தெரியும். வரும் இலைக் கூட்டம் தெரியாது. எனவே, காதுதான் அங்கே கண். என்ஜின் சத்தம் மாறியதும் கை தானாக நிறுத்தப் பழகவேண்டும்.

குளிர்ந்த ஆறு அது. விழுந்தால் கைகால் விறைக்கும். மிசௌரி மாநிலச் சட்டப்படி, ஓடும் படகில் 7 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் மிதவைச் சட்டை போட்டிருக்க வேண்டும். சட்டம் சொல்வது குழந்தைகளுக்கு. புத்தி சொல்வது எல்லாருக்கும்!

வீடு திரும்பியதும்

வீட்டுக்கு வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. பம்பின் பேரிங்குக்கு அன்றன்றே கிரீஸ் அடிக்கவேண்டும். உள்ளே புகுந்த தண்ணீரை அது வெளியே தள்ளிவிடும்.

இம்பெல்லரையும் பார்க்கவேண்டும். அதற்கும் சுற்றியுள்ள உறைக்கும் இடையே உள்ள இடைவெளி, ஓர் அங்குலத்தில் 32ல் ஒரு பங்கு அளவுதான். மணலும் கல்லும் பட்டுப் பட்டு இடைவெளி பெரிதாகும். அப்போது உறிஞ்சும் பலம் குறையும். மெல்லிய வாஷர்களை இடம் மாற்றி இடைவெளியைச் சரிசெய்வார்கள். இலைத் தகட்டின் முனை மழுங்கியிருந்தால், அரத்தால் ராவிக் கூராக்குவார்கள்.

இலை எதிரியா?

இவ்வளவும் கேட்டபின், "அந்த மரங்களை வெட்டிவிட்டால் என்ன?" என்று யாரும் கேட்டுவிடாதீர்கள்!

அந்த மரங்களின் வேர்தான் ஆற்றங்கரையைப் பிடித்துவைத்திருக்கிறது. ஆற்றில் விழும் இலையைச் சிறு பூச்சிகள் கடித்துத் தின்கின்றன. அந்தப் பூச்சிகளை மீன்கள் தின்கின்றன. அந்த மீனைத்தான் இரவில் விளக்கு வைத்து மனிதன் குத்தி எடுக்கிறான்.

இலை இல்லாவிட்டால் பூச்சி குறையும். பூச்சி குறைந்தால் மீன் குறையும். மீன் இல்லாத ஆற்றில் படகு எதற்கு?

ஆகவே, இலையின்மேல் குற்றம் இல்லை. அது தன் காலத்தில் தன் வழியில் விழுகிறது. கோளாறு, எதற்கெடுத்தாலும் இன்னும் முறுக்கும் நம் கையில்தான் இருக்கிறது.

மரம் இலை உதிர்ப்பதை நிறுத்தாது. மனிதன்தான் என்ஜினை நிறுத்தவேண்டும்!